கேட்கப்படாத வழக்கு

கண்டி நகரிலிருந்து ஹல்லொலுவைக்குச் செல்லும் வீதியில் ஒரு வீடு இருக்கிறது. எகிப்திய மக்களின் எழுச்சிக்குத் தலைமை தாங்கித் தோற்று, பிரித்தானியரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட அஹ்மத் ஒறாபி பாஷா வாழ்ந்த வீடு அது. அவர் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதன் நூற்றாண்டையொட்டி, 1983 இல், அவர் பெயரால் அது ஒரு கலாசார நிலையமாகவும் நூதனசாலையாகவும் ஆக்கப்பட்டது. பேராதனையில் நான் தமிழ் பயின்ற நான்கு ஆண்டுகளும் அவ்வீட்டுக்குச் சில மைல் தூரத்திலேயே கழிந்தன. ஆயினும் ஒருநாளாவது அங்கு சென்றதில்லை. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை விளக்கி விடைத்தாள்களை நிரப்பிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து மேட்டில் தோற்றுப்போன ஒரு தலைவர் தம் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கழித்துச் சென்றார் என்ற செய்தி எட்டவேயில்லை. எந்த விரிவுரையிலும் அது கூறப்பட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர்களுடன் சம்மாந்துறையிலிருந்து கண்டிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அம்பாறை, மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிச் செல்லும் நெடும்பயணம். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா என்று வழக்கமான பட்டியலில் இந்த வீட்டையும் நான் சேர்த்துக்கொண்டேன். பூங்காவுக்குப் போகும் நேரம் குறைகின்றதே என்று பிள்ளைகள் முணுமுணுத்தனர். அதில் நியாயமும் உண்டு. சுவர்ப் படங்களில் தாடியும் துருக்கித் தொப்பியுமாக நின்ற அம்மனிதரை அவர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் நின்றான். அவனுடைய தகப்பனார் பிறருடைய வட்டையில் கூலிக்கு வெள்ளாமை செய்பவர். நான் சற்று முன்னர் கூறிய வரலாற்றில் ஓரிடம் அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

“சேர், இவர் கோட்டில குத்தத்த ஒத்துக்கொண்ட ஆளெண்டு சொன்னீங்க. அப்ப எப்பிடி வீரர்?”

உடனே விடை சொல்ல எனக்கு முடியவில்லை. ஆசிரியத் தொழிலில் பத்தாண்டுக்கு மேல் கழித்தவனுக்கு இத்தகைய மௌனங்கள் பழக்கமானவைதாம். ஆயினும் இந்த மௌனம் என்னை விட்டு இன்னும் அகலவில்லை. இக்கட்டுரையே அதன் பொருட்டு எழுந்தது.

வாசகர் பொருட்டு வரலாற்றைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கதீவ் இஸ்மாயிலின் ஆடம்பரமும் ஐரோப்பிய வட்டிக்காரரின் சாமர்த்தியமும் சேர்ந்து எகிப்தைக் கடலளவு கடனுள் அமிழ்த்தின. 1875 இல் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கு இருந்த 1,76,602 பங்குகளும் ஏறக்குறைய நாற்பது இலட்சம் பவுணுக்கு பிரித்தானிய அரசுக்கு விற்கப்பட்டன. அதுவும் போதவில்லை. 1876 ஏப்ரலில் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. கடன்காரர்களின் பிரதிநிதிகள் வந்து எகிப்தின் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டனர். வரவும் செலவும் அவர்கள் கையொப்பமின்றி நடவா என்ற நிலை உண்டாயிற்று. அந்தக் கடனைக் கட்டியவன் யார்? கதீவ் அல்லன், நைல் நதிக்கரையில் உழுத பெல்லாஹீன் எனப்படும் ஏழை விவசாயி. சவுக்கடிக்கு அஞ்சி, வயலில் நின்ற பயிரை அறுவடைக்கு முன்னரே வட்டிக்காரனுக்கு எழுதிக் கொடுத்து, அவன் வரி செலுத்தினான்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நமது அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அறிவித்தபோது, எனக்கு இந்த 1876 ஏப்ரல் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளையை ஒரே கட்டளையால் தடைசெய்து சம்மாந்துறை வட்டைகளில் நெற்பயிரை மஞ்சளிக்கச் செய்தவர்கள் யார், அதன் விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதை இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒறாபி அந்த விவசாயிகளின் மகன். 1841 இல் ஷர்கிய்யா மாகாணத்துக் கிராமமொன்றின் ஷேக் ஒருவருக்குப் பிறந்து, அல்-அஸ்ஹரில் சில காலம் ஓதி, படையிற் சேர்ந்து இளவயதிலேயே உயர்ந்தவர். துருக்கிய, சர்க்காசியப் பிரபுக்களே அதிகாரிகளாயிருந்த படையில் உழவன் மகன் ஒரு நிலைக்கு மேலே ஏறுவது இயலாதிருந்தது. 1881 செப்டெம்பர் 9 ஆம் திகதி, கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனை முன்றலில் படைகளுடன் வந்து நின்று, பாராளுமன்றம் கூட்டப்படவேண்டும், அமைச்சரவை மாற்றப்படவேண்டும், படையைப் பெருக்கவேண்டும் எனக் கதீவ் தௌபீக்கிடம் அவர் கேட்டார். இந்நாடு என் மூதாதையரிடமிருந்து எனக்கு வந்தது என்று கதீவ் சொன்னதற்கு, இறைவன் எங்களைச் சுதந்திர மனிதராகவே படைத்தான், பரம்பரைச் சொத்தாகவன்று என்ற பொருள்பட அவர் விடையிறுத்தார் எனப் பின்னர் அவரே எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி என்னும் பெருங்கவிஞர் பிரதமரானார். ஒறாபி யுத்த அமைச்சரானார். கடன்காரர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை. 1882 ஜூலை 11 இல் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்தது. கால்வாய் நடுநிலையாயிருக்கும் என்ற டி லெசெப்சின் உறுதிமொழியை நம்பி ஒறாபி கால்வாயை உரிய வேளையில் அடைக்காது விட்டார். ஆங்கிலப் படை அதன் வழியாகவே உள்ளே வந்தது. செப்டெம்பர் 13 இன் விடியற்பொழுதில் தெல்-அல்-கபீர் என்னுமிடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆங்கிலேயர் தரப்பில் மாண்டவர் ஐம்பத்தேழு பேர். எகிப்தியர் தரப்பில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் ஏர்க்காலை விட்டுக் கட்டாயப் படைச்சேவைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்.

இனித்தான் அந்த மாணவனை உறுத்திய இடம். வில்பிரிட் பிளன்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் தம் முயற்சியால் ஒறாபிக்கு ஆங்கிலச் சட்டத்தரணிகளை அமர்த்தினார். வழக்குப் பகிரங்கமாக நடந்திருக்குமானால், கடன், கால்வாய், குண்டுவீச்சு என யாவும் உலகின் முன் விரிந்திருக்கும். ஆட்சியாளர் அதனை விரும்பவில்லை. இரு தரப்பும் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்தன. 1882 டிசம்பர் 3 ஆம் திகதி ஒறாபி நீதிமன்றில் கலகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏனைய குற்றச்சாட்டுக்கள் கைவிடப்பட்டன. மரண தண்டனை வாசிக்கப்பட்டது. அதே அமர்வில் அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டதென்றும் அறிவிக்கப்பட்டது. தலைவர்கள் எழுவரை ஏற்றிய கப்பல் 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது.

உயிருக்கு விலையாக மௌனம் வாங்கப்பட்டது என்பதே இதன் பொருள். பிரித்தானியர் இவ்வியாபாரத்தில் நட்டமடையவில்லை. தூக்கிலிடப்பட்ட ஒறாபி அவர்களுக்கு ஆபத்தானவர். கண்டியில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் ஒறாபி ஆபத்தற்றவர். கண்டியின் கடைசி மன்னனை வேலூருக்கு அனுப்பியவர்களும், முகலாயரின் கடைசி மன்னனை ரங்கூனுக்கு அனுப்பியவர்களும் இவர்களே அல்லவா? ஒரு நாட்டின் தலைவனை இன்னொரு நாட்டின் விருந்தாளியாக்கிவிடுவது ஏகாதிபத்தியத்தின் தேர்ந்த கலை.

ஒறாபி இங்கு பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொழும்பின் ஈரக்காற்று தமக்கும் தோழர்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனுமேல் மனு எழுதினார். படித்தொகை போதாதென்று எழுதினார். 1890களில் கண்டிக்கு இடம்பெயர்ந்தார். 1901 இல் பிரித்தானிய இளவரசர் இந்நாட்டுக்கு வந்தபோது அவரைக் கண்டு தம் விடுதலைக்கு வேண்டுகோள் விடுத்தார். அவ்வாண்டிலேயே மன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார். திரும்பியவரை நாடு கொண்டாடவில்லை. ஆங்கில ஆட்சியைப் பற்றி அவர் கூறிய நல்வார்த்தைகளை முஸ்தபா காமில் போன்ற இளந்தேசியவாதிகள் பொறுக்கவில்லை. அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை எழுதினார். பத்தாண்டுகள் புறக்கணிப்பிலே கழிய, 1911 செப்டெம்பரில் அவர் காலமானார்.

தோற்ற புரட்சியாளன் வென்றவனிடம் இரந்தால் அவனுடைய முந்திய வாழ்வு பொய்யாகிவிடுமா? இந்தக் கேள்வியை நாம் பொதுவாக மிக இலகுவாக முடித்துவிடுகிறோம். ‘உயிர் பெரிதா, மானம் பெரிதா’ என்று தொடங்கினால் நம் பட்டிமன்றப் பேச்சாளருக்கு அரைமணி நேரத்துக்குக் குறைவில்லை. மயிர் நீப்பின் வாழாக் கவரிமான் எங்கிருந்தாவது ஓடிவரும். ஆனால் கவரிமானுக்குத் தோழர்கள் அறுவர் இல்லை. பின்தொடர்ந்து வந்த குடும்பங்களும் இல்லை. ஈரக்காற்றில் இருமிக்கொண்டிருக்கும் நண்பனுக்காக ஒரு மனு எழுதுவதை இழிவென்று சொல்ல, நெஞ்சில் ஒருநாளும் சளி கட்டாதவனாலேயே முடியும். அவரை எள்ளிய ஷவ்கி அப்போது கதீவின் அரண்மனைக் கவிஞராய் இருந்தவர் என்பதையும் மறத்தலாகாது. இழப்பதற்கு ஏதுமின்றிப் பிறருடைய வீரத்தை அளப்பவர்களின் முழக்கோல் எப்பொழுதும் நீளமானது. எனவே மனுக்களையும், படித்தொகையையும், இளவரசருக்கு இட்ட ஸலாமையும் நான் அவர்மீது குற்றமாகச் சுமத்தமாட்டேன். அவை கைதியொருவரின் வாழ்க்கைச் செலவுகள்.

எனினும், டிசம்பர் 3 ஆம் திகதி உச்சரிக்கப்பட்ட சொல் அத்தன்மையதன்று. அதனை அவருடைய சொந்தச் செலவில் எழுத முடியாது. கலகம் செய்தேன் என்று தலைவர் ஒப்புக்கொண்ட கணத்திலேயே, தெல்-அல்-கபீர் மணலிற் கிடந்த அந்த இரண்டாயிரம் பேரும் நாட்டைக் காத்தவர் என்ற நிலையிலிருந்து கலகக்காரரென்ற நிலைக்கு இறக்கப்பட்டனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. இறந்தவரைக் கேட்க முடியாது என்பது உண்மை; அதனாலேயே அவர்கள் பேரில் பேசுவோனின் பொறுப்பு இருமடங்காகிறது. ஒரு தலைவர் தம் உயிருக்குப் பேரம் பேசலாம், தம் தோழரின் உயிருக்கும் பேசலாம்; தம்மை நம்பி மாண்டவரின் நியாயத்தை விலையாக வைக்கும் உரிமை அவருக்கு உண்டோ? இல்லை என்பதே என் எண்ணம். இந்த ஓரிடத்தில் நான் அந்த மாணவனின் பக்கத்திலேயே நிற்கிறேன்.

இதற்கு மறுப்பு உண்டு. அதனை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் மறுத்திருந்தால், கதீவின் இராணுவ நீதிமன்றம் அவரை வாய் திறக்க விட்டிருக்கும் என்பதற்கு என்ன உறுதி? அப்போதும் வழக்குக் கேட்கப்பட்டிராது; ஏழு தலைகள் உருண்டிருக்கும், அவ்வளவே. இம்மறுப்பு வலியது. ஆனால் அது அவர் செய்தது பயனுடையது என்று காட்டுகிறதேயன்றி, நியாயமானது என்று காட்டவில்லை. பயனுடைய ஒரு பிழையைச் செய்தவரை நாம் மதிக்கலாம், அவர்பால் இரங்கலாம், அவ்விடத்தில் நாமிருந்தால் அதனையே செய்திருப்போம் என்றும் ஒப்புக்கொள்ளலாம். நானிருந்தால் மிக விரைவிலேயே செய்திருப்பேன். அதன் பொருட்டு அதனைப் பிழையன்று என்று சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை அவரை விசாரித்தோம். இனி நம்மையும் விசாரிக்க வேண்டும். கப்பல் கொழும்புக்கு வந்தபோது முஸ்லிம்கள் திரண்டு வந்து வரவேற்றனர். கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் 1885 இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலிலும் எகிப்தின் மணம் வீசுகிறது. 1892 இல் மருதானையில் முஸ்லிம் ஆண் பிள்ளைகளுக்கான பாடசாலை எழுந்தபோது, சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரோடு ஒறாபியும் முன்னின்றார். அதுவே பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரி. கல்முனையில் ஸாஹிறா என்ற பெயர் தாங்கி நிற்கும் கல்லூரியை அறியாதார் நம் பகுதியில் இல்லை. அப்பெயரை முதலிற் பெற்ற மருதானைப் பாடசாலையோடு நாடுகடத்தப்பட்ட ஓர் எகிப்தியரின் பெயர் பிணைந்திருப்பதை அறிந்தாரும் அதிகம் இல்லை. 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, யுத்தகால உணவுப் பயிர்ச்செய்கைக்காக உழைத்த ஏ. எம். ஏ. அஸீஸ் பின்னர் கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார். ‘மிஸ்றின் வசியம்’ என்று ஒரு நூலையே அவர் எழுதினார். இவ்வகையில் ஒறாபிக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதனை மறுப்பது நன்றி கோறல்.

ஆயினும் அவரிடமிருந்து நாம் எதை எடுத்தோம், எதை விட்டோம்? தொப்பியை எடுத்தோம். அவரும் தோழர்களும் அணிந்துவந்த துருக்கித் தொப்பி இந்நாட்டு முஸ்லிம் பெரியார்களின் அடையாளமாயிற்று. 1905 இல் எம். சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி அத்தொப்பியுடன் வழக்காட உயர் நீதிமன்றம் இடந்தரவில்லை. நாடு முழுவதும் கிளர்ச்சி எழுந்தது, ஆண்டின் கடைசி நாளில் மருதானையில் மாபெரும் கூட்டம் கூடிற்று, உரிமையும் பெறப்பட்டது. அதனை நான் எளிதாகப் பேசவில்லை. தலையணி பற்றிய போராட்டம் தன்மானப் போராட்டமே என்பதை இன்றும் நம் பெண்பிள்ளைகள் பரீட்சை மண்டப வாசல்களில் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நீதிமன்றம் செல்லும் தலைக்கே அந்தத் தொப்பி வேண்டியிருந்தது. சம்மாந்துறையில் சேற்றில் நின்றவன் தலையில் கட்டியிருந்தது ஒரு துண்டு. ஒறாபியை வரவேற்றவர்களுள் முன்னின்றோர் பிரித்தானியர் ஆட்சியின் கீழ் வணிகத்தாலும் சட்டத்தொழிலாலும் உயர்ந்தவர்கள். அவர்கள் கெட்டவர்களல்லர், பலர் தம் செல்வத்தைக் கல்விக்கு வாரி வழங்கியவர்கள். எனினும், கடன்காரன் நாட்டை ஆளலாகாது, உழுபவன் பரம்பரைச் சொத்தல்லன் என்ற அந்தக் கோரிக்கையை அவர்களால் வீட்டுக்குள் அழைக்க முடியாதிருந்தது. கோரிக்கையை வாசலில் நிறுத்திவிட்டு மனிதரை மட்டும் உள்ளே அழைத்து உபசரித்தனர்.

விளைவு யாது? மருதானைப் பாடசாலையிலிருந்து நம் போடியார்மாரின் வட்டைகளுக்கு வழி நீண்டதாயிருந்தது. 1945 இன் இலவசக் கல்வி வரும்வரை கூலிக்காரன் மகனுக்கு உயர்கல்வி எட்டாக்கனி. குத்தகை விவசாயியின் உரிமை 1958 இன் நெற்காணிச் சட்டம் வரை ஏட்டிலும் இல்லை. என் பாட்டனார் தம் பெயரை எழுத அறியாமலே மறைந்தார். அவர் பெருவிரல் இட்ட குத்தகைச் சீட்டொன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அவருக்கும் ஒறாபிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், எனக்குத் தெரிந்த தொடர்பு அந்தப் பெருவிரல்தான். நைல் நதிக்கரையிலும் அதுவே வைக்கப்பட்டது.

ஜப்பானின் கோபே நகரருகே கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகை உண்டு. 1913 இல் சுன் யாட்-சென் விருந்துண்ட அவ்விடம் இன்று அவர் நினைவு மண்டபம். வென்ற புரட்சிக்கு, ஒருவேளை உணவருந்திய இடமும் நினைவுச் சின்னமாகிவிடுகிறது. அங்கு பார்ப்போர்க்கு ஐயம் எழ இடமில்லை. தோற்ற புரட்சியின் வீட்டுக்கே பார்வையாளனின் உதவி வேண்டியிருக்கிறது. கௌரவ விருந்தாளியாகவும் கல்வி வள்ளலாகவும் மட்டும் ஒறாபியை அங்கே கண்டு திரும்புவோமானால், டிசம்பர் 3 ஆம் திகதி நீதிமன்றம் செய்ததை நாமும் ஒருமுறை செய்தவர்களாவோம். அன்று உயிரைக் கொடுத்து வழக்கை மூடினார்கள். இன்று மரியாதையைக் கொடுத்து மூடுகிறோம். எழுவருள் மூவர் வீடு திரும்பவேயில்லை என்பதையாவது நினைக்க வேண்டும். அப்துல் ஆல் ஹில்மி 1891 இலும், மஹ்மூத் பஹ்மி 1894 இலும், யஃகூப் ஸாமி 1900 இலும் இந்நாட்டிலேயே மாண்டனர். யஃகூப் ஸாமி இன்னும் ஓராண்டு வாழ்ந்திருந்தால், மன்னிப்பு வந்த செய்தியைக் கேட்டிருப்பார்.

எகிப்தில் அவ்வழக்கு எழுபதாண்டு கழித்து மீள எடுக்கப்பட்டது. 1952 இல் படை அதிகாரிகள் மன்னராட்சியைக் கவிழ்த்தபின், பெருநிலப்பிரபுக்களின் காணிக்கு உச்சவரம்பு இட்ட சட்டம் செப்டெம்பர் 9 ஆம் திகதி, ஆப்தீன் முன்றல் நிகழ்ச்சியின் அதே நாளில் வெளிவந்தது. 1956 இல் கால்வாய் நாட்டுடைமையாயிற்று. அந்த அதிகாரிகளே பின்னர் தொழிலாளர் தலைவர்களையும் இடதுசாரிகளையும் சிறையிலிட்டனர் என்பது வேறு கதை. வழக்கை எடுத்தவர் எல்லோரும் அதனை இறுதிவரை நேர்மையாக நடத்தினர் என்று நான் சொல்லவில்லை.

வீட்டைவிட்டு வெளியே வந்தபோது வாசலில் நின்று அம்மாணவனுக்கு இவற்றில் ஒரு பகுதியைச் சொன்னேன். ஒத்துக்கொண்டது பிழைதான் என்றும், கேட்டது பிழையில்லை என்றும் சொன்னேன். அவன் திருப்தியடைந்தவனாகத் தெரியவில்லை.

“அது சரி சேர். சண்டையில செத்த வெள்ளாமக்காரனுக்கெல்லாம் ஆரு சேர் லோயர்?”

பூங்காவுக்கு நேரமாகிறது என்று மற்றவர்கள் அழைத்தார்கள். நான் தப்பித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் பாடி ஓய்ந்து உறங்கிவிட்டனர். அம்பாறையைத் தாண்டுகையில் பொழுது புலரத் தொடங்கிற்று. வாய்க்காலில் நீர் நிறைந்து ஓடியது. வரம்பின்மேல் மண்வெட்டியுடன் ஓரிருவர் நடந்துகொண்டிருந்தனர். சம்மாந்துறைக்குச் சற்று முன்னே, வட்டைக்குப் பிரியும் பாதையோரம் சைக்கிளுடன் நின்ற ஒருவரைக் கண்டு அம்மாணவன் பஸ்ஸை நிறுத்தச் சொன்னான். இறங்கியதும் இறங்காததுமாக அவன் பேசத் தொடங்கியது யன்னல் வழியே என் காதில் விழுந்தது.

“வாப்பா, மிசிறில நம்மள மாதிரி வெள்ளாமக்காரன்ட மகன் ஒருத்தர், ராசாவுக்கு எதிரா எழும்பினவராம்.”

“எழும்பி? வெண்டாரா, தோத்தாரா?” என்று கேட்டார் அவர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே.

பஸ் புறப்பட்டுவிட்டது. மகன் சொன்ன விடை எனக்குக் கேட்கவில்லை.